சூரியகாந்தி கிழக்கே பார்க்கும்

போன வாரம் ஒரு படம் எல்லார் பக்கத்திலும் சுற்றியது. தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலைக்கு மேலே தீப்பிடித்த மாதிரி செக்கச்செவேலென்று அந்தி வானம். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். "உனக்குப் பிடிக்குமே" என்று அன்போடு அனுப்பியதுதான். பார்த்ததும் மனசு கனத்துப்போனது. அந்த வரப்பில் மூன்று வருஷம் ஆடி மாதத்தில் நான் நின்றிருக்கிறேன். அது அந்த வயலின் வானம் கிடையாது, வேறெங்கோ எடுத்த வானத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படத்தில் ஒவ்வொரு பூவின் முகத்திலும் வெயில் நேராக விழுகிறது. இதழ்கள் பளபளக்கின்றன. அப்படியென்றால் எடுத்தவரின் முதுகுப் பக்கம் சூரியன் இருந்திருக்கிறது. மலை இருப்பது மேற்கே. ஆக சூரியன் கிழக்கே, நேரம் காலை. ஆனால் படத்து வானத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே வயலுக்கு இரண்டு சூரியன்.

எடுத்தவர் யார் என்று எழுதப்போவதில்லை. நல்ல கண் உள்ளவர். வரிசைகள் மலையை நோக்கி வளைந்து போகிற இடத்தைத் தேடிப் பிடித்து நின்றிருக்கிறார். அந்த இடம் கிடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இவ்வளவு செய்தவர், அன்றைக்கு அந்த மலை மேல் உண்மையில் என்ன இருந்ததோ அதைத் தூக்கிப்போட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

முதல் வருஷம் நானும் சாயங்காலம்தான் போனேன். அந்தி என்றால்தான் வானம் என்று மண்டையில் ஏறியிருந்தது. ஐந்து மணிக்கே சூரியன் மலை மேல் நிற்கிற மேகத்துக்குள் போய்விட்டது. பூக்களெல்லாம் நிழலில், வானம் வெளுத்துப்போய், படத்தில் உயிரே இல்லை. இரண்டு நாள் இப்படிப் போனபின் மூன்றாம் நாள் வயல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நீங்க எதுக்கு சாயங்காலமா வாரிய? பூ பூராவும் கெழக்கத்தான பாத்துக்கிட்டு நிக்கு. விடியக்காலம் வந்து பாருங்க, மொகம் தெளிஞ்சிருக்கும்" என்றார். "மழையா இருந்தா என்ன செய்ய அண்ணாச்சி?" என்றேன். "இது சாரல். மலையில மேகம் எறங்கி நிக்கும், இங்க வெயிலு அடிக்கும். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார்.

வருஷக்கணக்கில் காணொளி பார்த்துப் படித்ததைவிட அந்த இரண்டு பேச்சில் எனக்குக் கிடைத்தது அதிகம். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சூரியகாந்தி மொட்டாக இருக்கும்போது சூரியனோடு கூடவே கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும், ராத்திரியில் மறுபடி கிழக்கே வந்துவிடும். பூத்து முதிர்ந்ததும் கிழக்கே பார்த்து அப்படியே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுகிற பூவைத் தேனீக்கள் அதிகம் தேடி வருகின்றன. அந்த வயலுக்குக் கிழக்கே நின்று மலையைப் பார்த்து எடுத்தால் அத்தனை பூவும் நம்மைப் பார்க்கும். நமக்காக யாரோ அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

மேலே அந்த மேகம் ஏன் அப்படி நிற்கிறது? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கேரளப் பக்கத்துச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறுகிறது, குளிர்கிறது, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகி மேகம் கரைந்துவிடுகிறது. அதனால் முகட்டின் மேல் ஒரு கறுத்த மதில் எழுப்பின மாதிரி நிற்கும். அதன் விளிம்பு இந்தப் பக்கமாக வழிந்து வழிந்து, பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போகும். நாள் முழுக்க வழிந்துகொண்டே இருக்கும், கீழே வந்து சேராது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்துவிடுகிற கொஞ்சம்தான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல். கிழக்கே சமவெளியில் நல்ல வெயில். வெயில் குளித்த மஞ்சள் வயல், அதன் பின்னால் கன்னங்கரேலென்று மேகம் இறங்கின மலை: இந்த முரண் வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் அங்கே நின்றால் போதும். இப்படி ஒரு வானம் கையில் இருக்கும்போது, எந்த ஊரிலோ யாரோ எடுத்த அந்தியைக் கொண்டுவந்து ஏன் ஒட்டவேண்டும்?

முதல் நாள் காலையில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும். கறுத்த மேகம் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டால் கேமரா ஏதோ இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மேகம் சாம்பலாகிவிடும், மஞ்சள் இதழ்கள் வெந்து வெறும் திட்டாகிவிடும். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடங்களாகப் பதிவதில், மஞ்சளில் சிவப்புத் தடம்தான் முதலில் நிரம்பி வழியும். வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மொத்தமாகப் பார்த்தால் தெரியாது, நிறம் பிரித்துப் பார்க்கவேண்டும். நான் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) வரை குறைத்தே எடுக்கிறேன், கேமரா மெருகேற்றாத ரா (RAW) கோப்பாக எடுக்கிறேன். காற்று வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் பூ அசையாமல் நிற்குமா? ஷட்டரை ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கைவிட வேகமாக வைத்தால்தான் இதழ் கூர்மையாக வரும்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்புகிற போலரைசர் வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. வானத்தைக் கறுக்க வைக்கும் என்று எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். அது முழுசாக வேலை செய்வது சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 பாகை திரும்பி நிற்கும்போது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் வானத்தில் பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் சாரலும் வெயிலும் சேர்ந்து மலைமேல் வானவில் விழுந்துவிட்டால் மட்டும் கவனமாக இருக்கவேண்டும். வானவில்லின் ஒளி முனைவாக்கம் அடைந்தது, அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும். வடிகட்டியை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சென்று வரும், இன்னொரு பக்கம் திருப்பினால் சுத்தமாக மறைந்துபோகும். ஒரு காலையில் என் கண் முன்னே இருந்த வில் கேமராவில் இல்லை. பதறிப்போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காரணம் புரிவதற்குள் வில் கலைந்துவிட்டது.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் கேட்டார்: "வானத்தை ஒட்டுவது இன்று நேற்றா நடக்கிறது?" நியாயமான கேள்வி. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே தன் கடல் படங்களில் செய்தார். அன்றைக்கு ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த, கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும், வானத்துக்கு அளந்தால் கடல் இருண்டுவிடும். அதனால் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு எடுத்து அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். அந்தப் படங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தகட்டால் முடியாததைக் கையால் செய்தார் அவர். இன்றைக்கு நம் கையில் இருக்கிற கேமராவோ, கைப்பேசியோகூட, மேகத்தையும் வயலையும் ஒன்றாகவே பதிவு செய்துவிடுகிறது. குறைந்தால் இரண்டு மூன்று வெளிச்ச அளவில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நிமிஷத்து வானம், அந்த நிமிஷத்து நிலம். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறை முகப்பை எடுத்தபோது, மிச்சமிருந்த இரண்டு தகடுகளில் ஒன்றை மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தார். திருப்தி இல்லை. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு வடிகட்டியைப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் ஏறக்குறைய கறுப்பாக விழுந்தது. கண்ணால் பார்த்த வானம் அப்படி இல்லைதான். ஆனால் அது அந்த மலையின் மேல் இருந்த வானம். நான் கோடு கிழிப்பது இங்கேதான். இருந்ததைக் கூட்டலாம், குறைக்கலாம், கறுக்கலாம். இல்லாததைக் கொண்டுவந்து வைத்தால், வைத்தேன் என்று சொல்லிவிடவேண்டும்.

2012-ல் பிரிட்டனில், ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் புகைப்படக்காரர் போட்டியில் முதல் பரிசு அறிவித்த பிறகு, அந்தப் படத்தில் மேகங்கள் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது அதைச் செய்ய உட்கார்ந்து மெனக்கெட வேண்டும். 2020 அக்டோபரில் போட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்ற ஒரு கட்டளை வந்துவிட்டது. இப்போது பல கைப்பேசிகளில் ஒரே தட்டு. மென்பொருள் நிலத்தின் நிறத்தைக்கூட வானத்துக்கு ஏற்றபடி லேசாக மாற்றிக் கொடுக்கும். பூவின் முகத்தில் விழுந்த வெயிலின் திசையை மட்டும் அதனால் திருப்ப முடிவதில்லை.

என்னை அதிகம் வாட்டுவது வேறொன்று. என்னுடைய சாரல் படத்தைப் போட்டபோது முதலில் வந்த கருத்து, "எந்த ஆப் சார்?" கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டார், கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். ஆனால் நான்கு மணிக்கு எழுந்து, பைக்கில் நனைந்து போய், மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து வயலில் வெயில் ஓடின அந்த நாற்பது நொடிக்காகக் காத்திருந்தது ஒரு ஆப்பின் பெயராகக் குறுகிப்போனது. எனக்கு நேர்ந்தது சின்ன இழப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்வது பெரிது. தன் ஊர் மலைமேல் ஆடி மாதம் மேகம் எப்படி வழியும் என்பது படத்திலேயே இல்லாமல் போனால், நாளைக்கு ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறபோது அது படம் எடுக்கத் தகுந்தது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்?

"எல்லா நாளும் நல்ல வானம் கிடைக்குமா?" கிடைக்காது. சித்திரை வைகாசி மதியத்தில் நம் வானம் வெளுத்த வேட்டி மாதிரிதான் இருக்கும். அப்போது அடிவானத்தை மேலே ஏற்றி, வானத்துக்கு ஒரு விரற்கடை இடம் மட்டும் கொடுத்து, நிலத்தை எடுங்கள். வெடித்த குளம், பனையின் நிழல், ஆட்டுக் கிடை என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. வானம் வேண்டுமென்றால் புரட்டாசி சாயங்காலங்களுக்குக் காத்திருங்கள். பகல் வெக்கையில் எழும்புகிற இடிமேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை போய், உச்சியில் பட்டறைக்கல் மாதிரி தட்டையாக விரியும். சூரியன் நமக்கு மறைந்த பிறகும் அந்த உயரத்துக்கு வெயில் எட்டும். கீழே இருட்டு, மேலே மட்டும் செம்பொன். சூரியன் விழுந்ததும் கிளம்பிவிடாமல் இருபது நிமிஷமாவது நில்லுங்கள். அதற்கு மேல் நிற்கத் தேவையிராது. ஐரோப்பாக்காரர் காணொளியில் ஒரு மணி நேரம் நீள்கிற அந்தி நம் ஊரில் கிடையாது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது, வெளிச்சம் கடகடவென்று போய்விடும். போகுமுன்னே சட்டகத்தை முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மின்னல் வெட்டி 30 நொடிக்குள் இடி கேட்டால் மேகம் சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டவெளியில் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மரத்தடிக்கும் ஓடாதீர்கள். காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

கீழே இருக்கிற படம் மூன்றாம் வருஷம் எடுத்தது. ஜூலை, காலை 6.50, 35 மி.மீ. லென்ஸ். முகட்டு மேகத்தின் அடிப்பகுதி கொஞ்சம் இருண்டிருக்கிறது, அதை வெளிச்சமாக்கவில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இடது ஓரத்தில் மலையடிவாரத்தில் மங்கலாகத் தெரிவது வானவில்லின் கால். வலது பக்கம் வரப்பில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முதுகு காட்டி நடந்துபோகிறவர், என்னை விடியக்காலம் வரச்சொன்ன அதே அண்ணாச்சி.