கொரோனா பேட்ச் என்று எங்களை ஒதுக்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு மருத்துவப் பேராசிரியர் பேசியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொரோனா காலத்தில் படித்த எங்களைப் போன்ற ‘கொரோனா பேட்ச்’ மருத்துவத்தை வாட்ஸ்அப்பில் படித்தது என்றார், அரங்கமே கைதட்டியது. இரண்டு நாளாகியும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆம், வாட்ஸ்அப்பில்தான் படித்தோம். 2020 மார்ச்சில் விடுதியைக் காலி செய்யச் சொன்னவர்கள், அந்தப் புதிய நோயைப் பற்றி எங்கே படிப்பது, எதை நம்புவது என்று சொல்லவில்லை. இணைய வகுப்பில் வழக்கமான பாடங்கள் ஓடின; ஊரையே முடக்கிய நோய்க்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

2021 மே மாதம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரவு பதினொரு மணிக்குச் சித்தி அழைத்து, “நீதான் டாக்டருக்குப் படிக்கிறியேப்பா, என்ன குடுக்கணும்?” என்றார். வகுப்புக் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மருந்துச்சீட்டின் படத்தை அனுப்பிவைத்தேன்: ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ஜிங்க், வைட்டமின் சி. அதை எழுதியவர் மாணவர் அல்லர், பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர். சித்தப்பாவைக் காப்பாற்றியது அந்தச் சீட்டன்று. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 91-க்கு இறங்கிவிட்டதாக ஆக்சிமீட்டர் காட்டியதும், யாரையும் கேட்காமல் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்த சித்திதான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஆய்விதழ்களைப் படித்திருக்கலாமே என்பீர்கள். படித்தோம். கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் உயிருக்கு ஆபத்து என்று 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தரவைச் சரிபார்க்க வழியில்லை என்று ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. அரசு வழிகாட்டுதலைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தோம். 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு, குணமடைந்தவரின் ரத்த பிளாஸ்மாவைச் செலுத்தும் சிகிச்சை இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரில் சொன்னது. வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீங்கியது 2021 மே 17 அன்று. இடைப்பட்ட ஏழு மாதமும் கொடையாளரைத் தேடி எத்தனை குடும்பங்கள் அலைந்தன!

எங்களில் சிலர் வதந்தியும் பரப்பினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஐவர்மெக்டினைத் தூக்கிப் பிடித்த எகிப்திய ஆய்வின் குளறுபடியைக் கண்டுபிடித்தவரும் லண்டனில் படித்த ஒரு மருத்துவ மாணவர்தான். பூட்டியிருந்த தரவுக்கோப்புக்கு 1234 என்ற கடவுச்சொல்லை ஊகித்துத் திறந்து பார்த்தார்; ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்தவர்களும் கணக்கில் இருந்தார்கள். 2021 ஜூலையில் அந்த ஆய்வறிக்கை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. பேராசிரியர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த ஆய்வு அது.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் படிப்பு அவ்வளவு மட்டமென்றால், 2021 மே 3 அன்று, இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தபோது ஏன் ஒருவரும் தடுக்கவில்லை? அந்தப் பணியில் நானும் இருந்தேன். படுக்கை கிடைக்காத ஒரு பாட்டி, “தம்பி, மூச்சு வாங்குதுப்பா, எப்படிப் படுக்கட்டும்?” என்று கேட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குப்புறப் படுக்கச் சொன்னேன். தலையணையை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதற்கான படம் அன்று காலைதான் எனக்கு வந்திருந்தது. வாட்ஸ்அப்பில், ஐயா.