சேலத்தில் உட்கார்ந்துகொண்டு போர் வேண்டாம் என்பது சுலபம்தான்

"சேலத்துல உக்காந்துகிட்டு போர் வேணாம்னு சொல்றது ரொம்ப ஈசி சார்" என்று போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பட்டா நகல் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸைப் படித்துவிட்டார், அதுதான் காரணம். சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மெஷினில் பேப்பர் சிக்கியிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்: ஆமாம், சுலபம்தான். காஷ்மீர் எல்லைக்கும் நமக்கும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் போர் வேண்டும் என்று சொல்வதும் இங்கே அதே அளவு சுலபம் சார். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கோட்டை மைதானத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் பாதி நோட்டீஸ் என் கடையில்தான் அச்சாகும். 2025 மே மாதம் "பழிக்குப் பழி" என்றும் அடித்துக் கொடுத்தேன், "போர் வேண்டாம்" என்றும் அடித்துக் கொடுத்தேன். ரேட் ஒன்றுதான். இரண்டாவது மட்டும் எங்கள் சொந்தக் குழுவுக்கு என்பதால் கடன்.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மொத்தம் ஒன்பது பேர். இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு எல்ஐசி ஏஜென்ட், ஒரு கொலுசுப் பட்டறைக்காரர், இப்படி. பத்து வருஷமாக எதற்காவது அட்டை பிடித்து நிற்கிறோம். நாங்கள் பேசுவதை நாங்களே கேட்டு, நாங்களே கைதட்டி, டீ குடித்துவிட்டுக் கலைந்து போவோம். மே மாதத்தில்தான் அதில் இருந்த கோளாறு எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 22 காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் கடற்படை அதிகாரி வினய் நர்வாலும் ஒருவர். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி ஹிமான்ஷி, நியாயம் வேண்டும், ஆனால் முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள், எங்களுக்கு அமைதிதான் வேண்டும் என்றார். அதற்காக இணையத்தில் அந்தப் பெண்ணை என்னவெல்லாம் பேசினார்கள்! கணவனைக் கண்ணெதிரே பறிகொடுத்தவருக்கே "உனக்கென்ன தெரியும்" என்று பாடம் எடுக்கிறார்கள் என்றால், இழந்தவர்களுக்காகத்தான் கோபப்படுகிறோம் என்ற பேச்சை நான் எப்படி நம்புவது?

மே 7 அதிகாலையில் இந்தியா பாகிஸ்தானிலும் அதன் பிடியில் உள்ள காஷ்மீரிலும் ஒன்பது இடங்களைத் தாக்கியது. அந்தப் பக்கத்திலிருந்து நம் எல்லையோரப் பூஞ்ச் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்து குழந்தைகள்கூடச் செத்தார்கள். மறுநாள் இங்கே பிளஸ் டூ ரிசல்ட். கடையில் நிற்க இடமில்லை. பக்கத்து டீக்கடை டிவியில் சைரன் சத்தம், என் கடையில் மார்க் பிரிண்ட் எடுக்கும் பிள்ளைகளின் சத்தம். அன்று ராத்திரி கராச்சித் துறைமுகமே காலி என்று சில சேனல்கள் சொல்ல, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பட்டாசுப் படங்களாக வந்து விழுந்தன. விடிந்தால் அது பொய். பொய் என்று நான் போட்ட பதிவுக்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் என் மச்சினன்.

அந்தக் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். எதுவும் எழுத மாட்டார். அவருடைய மகன் ராணுவத்தில் இருப்பது எனக்குத் தெரியும். பென்ஷன் புத்தகம் ஜெராக்ஸ் எடுக்க வரும்போது சொல்லியிருக்கிறார். ஆனால் பட்டாசுப் படம் போட்டவர்களும் சரி, அமைதி பேசிய நானும் சரி, அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மே 9 காலையில்தான் போனேன். நாலு நாளாக மகன் போன் ஸ்விட்ச் ஆஃப். டிவியை மூடி மேலே துண்டு போட்டிருந்தார். போனைச் சார்ஜரிலிருந்து எடுப்பதே இல்லை, சுவர் ஓரமாகவே பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நான் போய் என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசி வாங்கி வந்து கொடுத்தேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது கையிலிருந்த நோட்டீஸ் மாதிரியைக் காட்டினேன். "போர்வெறியைக் கண்டிக்கிறோம்" என்று ஆரம்பிக்கும். படித்துவிட்டு, "இதுல எம் பையன் எங்க தம்பி இருக்கான்?" என்றார்.

கடைக்கு வந்து முழுவதையும் அழித்துவிட்டு இரண்டே வரி அடித்தேன். "எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும்." சாயங்காலம் அக்கா பார்த்தார். முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவது வரியில் விரலை வைத்து, "இது வேணாம் தம்பி. அவன் அங்க நிக்கற வரைக்கும் என்னால இதச் சொல்ல முடியாது" என்றார்.

எடுத்துவிட்டேன். குழுவில் பெரிய தகராறு. அந்த வரி இல்லாவிட்டால் நமக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் அந்த வரிதான் முக்கியம். ஆனால் ஊரிலேயே போர் தொட்ட வீடு ஒன்று நம்மோடு பேச ஆரம்பித்திருக்கிறது, அதை வாசலில் நிறுத்திவிட்டு நம் கொள்கைக்கு நாமே மாலை போட்டு என்ன பயன்? இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். முழு மனதாக இல்லை.

அதே நாள் பவளத்தானூர் முகாமுக்கும் போனோம். தாரமங்கலம் பக்கம், 2021க்குப் பிறகு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். போர் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இத்தனை வருஷமாக இருக்கிறார்கள், ஒருவரும் அவர்களிடம் கேட்பதில்லை. 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்த ஒரு அம்மா. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் போனில் அதே சைரன். "உதை ஒருக்கா நிப்பாட்டு" என்றார். அப்புறம், நாங்கள் கேட்காமலேயே சொன்னார்: "பொம்மர் வந்தா குப்புறப் படுக்கோணும். காதைப் பொத்தோணும், வாயைத் திறந்து வச்சிருக்கோணும். பிள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுத்த முதல் பாடம் அதுதான்." வாயை எதற்குத் திறக்க வேண்டும் என்று எல்ஐசிக்காரர் கேட்டார். இல்லாவிட்டால் காது போய்விடுமாம். மறுநாள் மே 10, நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று அரசே ஊடகங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு கிளைக்கதை. சேலத்தில் வக்கீலாக இருந்து 1917இல் இந்த ஊர் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி சமாதான அறக்கட்டளைக் குழுவோடு வாஷிங்டனுக்கே போய் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். குலக்கல்வித் திட்டத்தை இன்னும் மன்னிக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். அடுத்த வருஷம் வந்த சோதனைத் தடை ஒப்பந்தம் இவரால்தான் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். ஆனால் அந்த வயதில் அறிக்கை விட்டுவிட்டு வீட்டில் இருக்காமல், யாரிடம் பேச வேண்டுமோ அந்த ஆளிடமே போய் உட்கார்ந்தார் பாருங்கள், அதை மட்டும் இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் சால்வைக் கடை வைத்திருக்கும் காஷ்மீர்ப் பையனையும் பார்க்கப் போனோம். கடையை மூடவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். பேச விரும்பவில்லை என்று தெரிந்தது. ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிட்டோம்.

மே 10 சனிக்கிழமை மதியம் 500 நோட்டீஸ் அடித்து முடித்தேன். ஞாயிறு கோட்டை மைதானத்தில் நிற்பதாகத் திட்டம். சாயங்காலம் சண்டை நிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். நிம்மதிதான். ஆனால் நோட்டீஸ் கட்டைப் பார்த்து ஒரு விநாடி வயிற்றெரிச்சலும் வந்தது, மறைப்பானேன். அறிவிப்பைப் படித்த பாவத்துக்கு வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையே அவர் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டித் தீர்த்தார்கள். சரி, வேலை முடியவில்லை என்று ஞாயிறு காலை ஆறு பேர் போய் நின்றோம். "அதான் நின்னுபோச்சே, இன்னும் என்ன?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டார். ஒன்று கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்கா கடைக்கு வந்தார். ராத்திரி பத்து மணிக்கு மகன் பேசினானாம். "சாப்பிட்டியான்னு அவன் என்னக் கேக்கறான் தம்பி" என்று சிரித்தார். மீதி நோட்டீஸ் கட்டு கல்லாப் பக்கத்தில் கிடந்தது. அந்த இரண்டாவது வரியையும் சேர்த்து இப்போது ஒன்று அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.