மரணக் கிணற்றில் வேகம் கூட்ட முடியாது

1951-ல் வந்த ‘தேர் இஸ் அனதர் சன்’ என்ற பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் மரணக் கிணறு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். அமெரிக்காவில் இதை ‘வால் ஆஃப் டெத்’ (மரணச் சுவர்; மரணக் கிணற்றுக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர்) என்று பெயர் மாற்றியே வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான பெயர்.

ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடும் பொருட்காட்சிதான் களம். அங்கே மரணக் கிணற்றில், அதாவது பலகையால் கட்டிய வட்டமான மரத்தொட்டியின் உட்சுவரில், பைக் ஓட்டுகிறவன் ரேசர் (மேக்ஸ்வெல் ரீட்). குத்துச்சண்டைக் கொட்டகையில் அடி வாங்கிப் பிழைக்கிற இளைஞன் மக்வயர் (லாரன்ஸ் ஹார்வி). ரேசர் முன்பு ஸ்பீட்வே என்ற மண் பாதை பைக் பந்தயத்தில் வீரன். அந்தப் பந்தயத்துக்கே திரும்பிப் போக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்குத் திருட்டு. இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட், பிற்பாடு மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எடுத்தவர்.

திருட்டுக்குக் காரணம் பேராசை என்று எடுத்துக்கொண்டால் படம் சப்பென்று போய்விடும். காரணம் அந்த மரத்தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தொட்டியின் விட்டம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஓடியவை பெரும்பாலும் அதை ஒட்டியோ அதைவிடச் சிறியதாகவோதான் இருக்கும். முதலில் தரையில் ஒரு சுற்று. அடுத்து, தரைக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்ந்திருக்கும் பலகை. அதில் வேகம் பிடித்த பிறகுதான் செங்குத்துச் சுவர். சரிவிலிருந்து சுவருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் பயந்து த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) குறைத்தால் டயர் பிடிப்பு விட்டு வண்டி கீழே சறுக்கும்.

சுவரில் வண்டியைத் தாங்குவது ரப்பருக்கும் மரத்துக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும்தான். உராய்வுக் குணகம் (டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 0.6 என்று வைத்து, ஆளும் வண்டியும் சேர்ந்த எடை மையம் 4.5 மீட்டர் ஆரத்தில் சுற்றுவதாகக் கணக்குப் போட்டால், மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கவே கூடாது. 40-ல் போனால் ஓட்டுகிறவருக்குத் தன் எடை 3 மடங்காகத் தெரியும். 50-ஐத் தொட்டால் நாலரை மடங்கு. ரத்தம் காலுக்கு இறங்கி, பார்வை ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும். ஆக, கீழே 31, மேலே 50. இந்த இடைவெளிக்குள்தான் அவன் பிழைப்பு முழுவதும்.

இப்போது ஸ்பீட்வேயைப் பாருங்கள். 500 சிசி எஞ்சின், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. நாலு பேர், நாலு சுற்று, முதலில் வந்தவன் ஜெயித்தான். அங்கே எவ்வளவு வேகமோ அவ்வளவு மரியாதை. அப்படிப் பழகியவனைக் கொண்டுவந்து, வேகம் கூட்டினால் கண் இருட்டும் தொட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். இரண்டரை நொடிக்கு ஒரு சுற்று. முந்துவதற்கு முன்னால் யாருமில்லை. ரேசர் திருடத் துணிவதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. சுவரில் ஓடுகிறவர் தரைக்குச் சரியாகக் கிடையாகப் படுத்திருக்க மாட்டார். 40 கிலோமீட்டர் வேகத்தில் தலை ஏறத்தாழ 20 டிகிரி மேலே தூக்கியிருக்கும். எடையும் சுழற்சி விசையும் சேர்ந்து வண்டியின் நேர்வாக்கிலேயே அழுத்துவதால் டாங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் சாதாரணச் சாலையில் நிற்பதுபோலவே நிற்கும், சிந்தாது. எந்தப் படமானாலும், நிஜமாகச் சுவரில் எடுத்த ஷாட் எது, ஸ்டுடியோவில் கேமராவைச் சாய்த்து எடுத்தது எது என்று கண்டுபிடிக்க அந்தத் தலைச் சாய்வு ஒரு துப்பு.

விபத்து துணிச்சல் குறைந்து மட்டும் வருவதல்ல, பராமரிப்பு குறைந்தும் வரும். பழைய எஞ்சின் எண்ணெய் கசியும். ஒரு சொட்டு பலகையில் விழுந்தால் அடுத்த சுற்றில் அதே டயர் அதே இடத்துக்கு வரும். மழை ஈரம் ஏறினால் பிடிப்பு குறையும். ஊர் மாறும்போதெல்லாம் தொட்டியைக் கழற்றி மாட்டுவதால், அடித்தரை மட்டம் பார்த்து முட்டுக்கட்டை கொடுக்காவிட்டால் பலகை இணைப்பில் படி விழும். சக்கரம் அதில் தட்டும். எஞ்சின் நின்றுபோனால் பிரேக்கைத் தொடாமல், மிச்சமிருக்கும் ஓட்டத்திலேயே வளைந்து வளைந்து சரிவுக்கு இறங்க வேண்டும். 1920-களின் இந்தியன் ஸ்கவுட் பைக்கை இந்த வேலைக்கு இன்றும் தேடிப் பிடிப்பதற்கு ஒரு காரணம், அதில் த்ராட்டில் கையை எடுத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். இரண்டு கையையும் விரித்து ஓட்டும் வித்தைக்கு அதுதான் ஆதாரம். நம்மூர்க் கிணறுகளில் மாருதி 800 ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும்.

குத்துச்சண்டைக் கொட்டகையையும் அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். கூட்டத்திலிருந்து எவன் வேண்டுமானாலும் ஏறலாம், சொன்ன ரவுண்டு தாக்குப்பிடித்தால் பணம். 1948-ல் உலக லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஃப்ரெடி மில்ஸ் இப்படிப்பட்ட கொட்டகைகளில் சண்டை போட்டுத்தான் தேறினார். மக்வயருக்கு அங்கிருந்து மேலே போக ஒரு வழியாவது உண்டு. சுவரில் ஓடுகிறவனுக்கு அடுத்த படி என்று எதுவுமில்லை.

பிரிட்டனின் மரணக் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும், இவர்களுக்கு இன்சூரன்ஸ் கொடுக்க யாரும் முன்வருவதில்லை என்று அறிவிப்பார்கள். மேலே சுற்றி நிற்கும் ஜனங்கள் காசை உள்ளே வீசுவார்கள். எஞ்சின் சூடு ஆறுவதற்குள், ஓட்டியவர்களே தரையில் குனிந்து அந்தச் சில்லறையைப் பொறுக்குவார்கள்.