ரூல்புக் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற கதை வரட்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்துக்கு 2025-இல் வந்த புத்தகங்களைப் பற்றி நம் ஆட்களிடம் பேச்சு எடுத்தாலே எல்லாரும் நேராக விதிகளுக்குத்தான் போகிறார்கள். ஆர்ட்டிஃபிசர் என்ற பாத்திர வகைக்கு என்ன மாற்றம், 2025 மே மாதம் சோதனைக்கு விட்ட சையான் என்ற புது வகை எப்போது புத்தகத்துக்குள் வரும், புது சப்கிளாஸ், அதாவது வகைக்குள் வரும் உட்பிரிவு, எத்தனை. கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதிகள் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. சென்னையில் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது சாகசக் கதைகள்தான், அதிலும் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் முடிகிற சின்னக் கதைகள். அப்படிப் பார்த்தால் 2025 பட்டியல் எனக்கு ரொம்பவே சந்தோஷம் தருகிறது. கூடவே இரண்டு மூன்று வருத்தங்களும் உண்டு.

இந்த ஆட்டம் தெரியாமல் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லுவோம், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்டது இது. இப்போது ஓடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அதைத்தான் 2024-இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

அந்தத் திருத்தம் முழுதாக வந்து முடிந்தாயிற்று. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நவம்பரில், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில். மூன்றும் தலா 384 பக்கம். எனக்குப் பெரும்பாலும் பிடித்திருக்கிறது. ஆயுதத்துக்கு ஏற்ப ஒரு தனி வித்தை தரும் வெபன் மாஸ்டரி விதி வந்தபிறகு ஃபைட்டர், அதாவது போர்வீரன் வகைப் பாத்திரம், ஆடுகிறவர் தன் முறை வந்தால் "வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு மொபைலை எடுப்பதில்லை, எந்த ஆயுதத்தால் யாரைத் தள்ளுவது, யாரைக் கீழே சாய்ப்பது என்று யோசிக்கிறார். அது பெரிய விஷயம். டிஎம் புத்தகத்தில் ஐந்து குட்டிச் சாகசங்கள் வைத்திருக்கிறார்களே, ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான், அந்தப் புத்தகத்திலேயே எனக்கு அதிகம் பயன்பட்ட இடம் அதுதான். கோட்டை கட்டும் பாஸ்டியன் விதிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, வருடக்கணக்கில் ஓடும் கேம்பெயின் என்ற தொடர்கதைக்கு அது சரியாக வரும்.

அப்புறம், இதைப் பலர் கவனிக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் எஸ்ஆர்டி 5.2 என்ற விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டது. ஆட்டத்தின் அடிப்படை முழுக்க அதில் இருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும். இது சும்மா கிடைத்துவிடவில்லை. 2023 ஜனவரியில் பழைய திறந்த உரிமத்தை மாற்ற அவர்கள் முயன்றபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் முந்தைய 5.1 தொகுப்பைத் திரும்பப் பெறவே முடியாத உரிமத்தில் போட வேண்டியதாயிற்று. அதன் தொடர்ச்சிதான் இது. ஆகவே புதிதாக ஆட வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: ஆளுக்கு ஒரு ஹேண்ட்புக் வாங்காதே. அமெரிக்காவிலேயே ஒரு புத்தகம் 50 டாலர், இங்கே வந்து சேரும்போது நாலாயிரத்தைத் தாண்டும். விதியை இலவசமாக எடுத்துக்கொள், காசு போடுவதாக இருந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு சாகசப் புத்தகத்துக்குப் போடுங்கள்.

ஆனால் எந்தச் சாகசப் புத்தகம்? பத்து வருடமாக வந்தவற்றில் பெரும்பாலானவை தடித்த கேம்பெயின்கள். 2016-இல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் 256 பக்கம், அருமையான புத்தகம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2024-இல் ஆட்டத்தின் 50-வது ஆண்டுக்காக வந்த வெக்னா: ஈவ் ஆஃப் ருயின் பத்தாம் லெவலில் (பாத்திரத்தின் வலிமைப் படி) ஆரம்பித்து இருபதுக்குப் போகிறது. பத்தாம் லெவலுக்கு வந்து சேர்ந்த குழு சென்னையில் எத்தனை இருக்கும்? ஒருவர் ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட், ஒருவருக்கு வைகாசி ஆவணியில் வாராவாரம் கல்யாணம், ஒருவர் பிள்ளைக்குப் பரீட்சை, தாம்பரத்திலிருந்து பெரம்பூர் வருகிறவர் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட சாலைகளைத் தாண்டி வருவதற்குள் நாலு மணி ஆகிவிடும். ஆறேழு மாதத்தில் குழு கலைந்துவிடும், கதை மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடும். ஆட்டக்காரர்களுக்கு ஆர்வம் இல்லை என்று டிஎம்கள் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் இருக்கிறது. மெகா சீரியல் மாதிரி ஒரு நாள் விட்டால் தொடர்பு விட்டுப்போகிற கதையைக் கொடுத்தால் யார்தான் பிடித்துவைக்க முடியும்?

நீளம் மட்டும் பிரச்சினை இல்லை, எழுதுகிற விதமும்தான். பெரிய கேம்பெயின் புத்தகத்தில் ஏதாவது ஒரு அறையை எடுத்துப் பாருங்கள். முதலில் ஆட்டக்காரர்களுக்கு வாசித்துக்காட்ட ஒரு கட்டம் போட்ட பத்தி. அடுத்து அந்த அறையை யார் கட்டினார்கள், எந்த மந்திரவாதி யாரைக் காட்டிக்கொடுத்தான் என்று இரண்டு பத்தி, இது ஆட்டக்காரர்களுக்குக் கடைசிவரை தெரியவே போவதில்லை. அதற்கும் கீழே, மூன்றாவது பத்தியின் நடுவில், தரையில் பொறி இருக்கிறது, கண்டுபிடிக்கப் பகடைக் கணக்கில் 15 வேண்டும் என்று ஒரு வரி. மேசையில் என்ன நடக்கும்? ரோக், அதாவது திருடன் வகைப் பாத்திரம், ஆடும் பெண் "தரையைத் தடவிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், டிஎம் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்பார், அதற்குள் இரண்டு பேர் ஆபீஸ் கதை பேச ஆரம்பித்திருப்பார்கள். அவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய பயம் போயே போச்சு. உட்கார்ந்து படிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம் அது. நடத்துவதற்காக எழுதினால் பொறி முதல் வரியில் இருக்கும்.

இதனால்தான் 2025 பட்டியல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜூலையில் டிராகன் டெல்வ்ஸ்: பத்து தனித்தனிச் சாகசங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வகை டிராகன், ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. யார் வந்தார்களோ அவர்களை வைத்து ஆடி முடித்துவிட்டு அடுத்த முறை வேறு ஆட்களோடு வேறு கதை. சிலவற்றை டிஎம்மும் ஒரே ஒரு ஆட்டக்காரரும் இருந்தாலே ஆடலாம். இது எத்தனை வீடுகளுக்கு உதவும் என்று நினைத்துப் பாருங்கள். அக்கா நடத்த தம்பி ஆடலாம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் ஆடலாம், மழையில் யாரும் வர முடியாத நவம்பர் வாரத்திலும் ஆட்டம் நிற்காது.

செப்டம்பரில் ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ், புதியவர்களுக்கான ஸ்டார்ட்டர் செட். நான் அதிகம் எதிர்பார்த்தது இதைத்தான். 1979-இல் கைகாக்ஸ் எழுதிய தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ் என்ற மெல்லிய சாகசத்தை மூலமாக வைத்திருக்கிறார்கள். எல்லையில் ஒரு கோட்டை, சுற்றிக் காடு, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் குகைகள். கதை என்று ஒன்று எழுதியே வைக்கவில்லை. எங்கே போவது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் எல்லாம் ஆடுகிறவர்கள் பாடு.

பழைய சாகசத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. கோப்லின் என்ற குட்டிப் பூதங்களின் குகைக்குப் பக்கத்துக் குகையில் ஓர் ஓகர், அதாவது ஒரு ராட்சதன், இருக்கிறது. கோப்லின்களுக்கு நெருக்கடி வந்தால் ரகசியக் கதவு வழியாக ஒரு மூட்டைத் தங்கத்தை அதன் பக்கம் வீசுவார்கள், அது தடியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்துவிடும். எழுதியிருப்பது அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்டத்தில் பார்ட் என்ற பாடகன் வகைப் பாத்திரம் ஆடியவர் இதை மோப்பம் பிடித்து, சண்டைக்கு முன்பே ஓகர் குகைக்கு நடந்துபோய், "அண்ணே, அவங்க குடுக்கறதுக்கு மேல நாங்க குடுக்கறோம், நீங்க பேசாம இருந்தா போதும்" என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். பகடையில் 18 விழுந்தது. அதுவரை வாயே திறக்காத புது ஆள் ஒருவர் சட்டென்று "மூட்டையில பாதிக் கல்லு வெச்சுக் கட்டலாமா?" என்றார். அரை மணி நேரம் ஒரு வாள்கூட உருவப்படவில்லை, ஆனால் மேசையில் யாரும் மொபைலைத் தொடவில்லை. இரண்டு கூட்டம், நடுவில் ஒரு விலைக்கு வாங்கக்கூடிய முரடன், இதை மட்டும் வைத்துவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொண்டதால்தான் இது நடந்தது. புது செட்டில் இந்த இடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் முதலில் பெட்டியைத் திறப்பேன். முதல் லெவலிலிருந்து மூன்று வரைதான் போகும், அது குறையே இல்லை.

நவம்பரில் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தைப் பற்றி இரண்டு புத்தகங்கள். டிஎம்முக்கான அட்வென்ச்சர்ஸ் இன் ஃபேரூனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறுஞ்சாகசங்கள் இருக்கின்றன. நிறுவனமே அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது நல்ல செய்தி. ஆட்டக்காரர்களுக்கான விஷயங்களை ஹீரோஸ் ஆஃப் ஃபேரூன் என்று தனியாகப் பிரித்ததில்தான் எனக்கு வருத்தம். ஓர் உலகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கினால் போதும் என்றிருந்தது, இப்போது செலவு இரட்டிப்பு. எங்கள் குழுவில் எல்லாப் புத்தகமும் வாங்குவது டிஎம் ஒருவர்தான், பெரும்பாலான குழுக்களில் அதுதான் நிலைமை. அந்த ஒருவர் தலையில் இரண்டு புத்தகத்தைக் கட்டுவது நியாயமாகப் படவில்லை. ஆர்ட்டிஃபிசருக்கான புது விதிகளைக் கொண்ட, எபெரான் என்ற இன்னொரு உலகத்தின் புத்தகத்தைப் பற்றியும் இதே எண்ணம்தான். ஆர்ட்டிஃபிசர் ஆடவேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு முழுப் புத்தகம் வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமான ஜெரமி க்ராஃபோர்டும் கிறிஸ் பெர்கின்ஸும் வெளியேறி டாரிங்டன் பிரஸ் என்ற வேறொரு ஆட்ட நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று 2025 ஜூனில் செய்தி வந்தபோது பலர் பயந்தார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் கட்டிய விதிகள் உரிமத்தோடு நம் கையில் இருக்கின்றன, அவர்கள் அங்கே போய் எழுதப்போவதும் நமக்குத்தான் லாபம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2021-இல் வந்த ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகப் புத்தகத்தில் அஜித் ஜார்ஜ் காலகேரி என்ற இந்திய மண்ணின் பயங்கர நாட்டை எழுதினார். அடுத்த வருடம் ரேடியன்ட் சிடடல் என்ற சாகசத் தொகுப்பில் மிமி மண்டல் வங்காளத்து ஆற்றங்கரையை ஒரு சாகசமாக்கினார். இரண்டையும் படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் நம் கடற்கரை இன்னும் வரவில்லை. கடல்கொண்ட துறைமுகம், ஏரிக் கரையில் காவல் நிற்கும் முனி, பஞ்சத்தில் பூட்டிய கோயில் நிலவறை, எல்லாம் இங்கேயே கிடக்கின்றன. சியாட்டில் பக்கம் யாராவது எழுதித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தில் ஓர் இடம், இரண்டு கூட்டம், அவர்களுக்குள் ஒரு பகை, ஒரு பொறி. ஒரு ஞாயிறுக்கு அது போதும்.

விதித்தொகுப்பையும் நாமே தமிழில் கொண்டுவரலாம். 5.1 தொகுப்பை நிறுவனமே பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் வெளியிட்டது, தமிழுக்கு அவர்கள் வரமாட்டார்கள், ஆனால் உரிமம் நம்மைத் தடுக்கவில்லை. முழுதும் வேண்டாம். முதலில் கண்டிஷன்கள், அதாவது கண் தெரியாமல் போவது, மயங்கிக் கிடப்பது மாதிரி பாத்திரத்துக்கு வரும் நிலைகள், அப்புறம் ஒரு சண்டைச் சுற்றில் என்னென்ன செய்யலாம் என்ற பகுதி, அப்புறம் முதல் லெவல் மந்திரங்கள். என் பங்குக்குக் கண்டிஷன்களை முடித்துவிட்டேன், ஆட்டத்தில் வைத்துச் சரிபார்த்தும் ஆயிற்று. மந்திரங்களை யாராவது எடுத்துக்கொண்டால் சீக்கிரமே ஒரு நாற்பது பக்கக் கையேடு தயாராகிவிடும், திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம்.