படிப்பினை கேட்டால் போதுமா?
படிப்புக்காக வீட்டில் வாதாடும் சிறுமியைப் பற்றிய சிறுகதையை நடத்தினாலே மாணவியருக்குத் தன்னம்பிக்கை வளர்ந்துவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அத்தகைய கதை ஒன்றை நடத்தி, வழக்கம்போல் படிப்பினையைக் கேட்டபோது, ‘பெண்கள் படிக்க வேண்டும்’ என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் புத்தகத்தையும் மூடிவிட்டது. மறு ஆண்டு, விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்கு) கிளம்பும் தாய் ‘இன்று பள்ளிக்குப் போகாதே, தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று சொல்லும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, சிறுமியின் மறுமொழியை மாணவர்களையே எழுதச் சொன்னேன். பின்வரிசையில் எப்போதும் தலை குனிந்தே இருக்கும் மாணவி, இரண்டு முறை அழித்து அழித்து, ‘தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா’ என்று எழுதியிருந்தாள். தாள் கிழியும் அளவுக்கு அழிப்பான் தேய்ந்திருந்தது. கதையின் பின்னணியையும் ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தாலும், பிள்ளைகளைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்புவது இந்நாட்டில் பெற்றோருக்குக் கட்டாயமானது 2003இல்தான். தாயின் பேச்சு கல்நெஞ்சத்தால் வந்ததன்று என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். இத்தகைய கதைகளை மாணவியருக்கு மட்டும் தனியே நடத்தலாம் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறியிருக்கிறார். அது வேண்டாம், ‘அந்த வீட்டில் அண்ணன் இருக்கிறானே, அவன் ஏன் தம்பியைப் பார்த்துக்கொள்ளவில்லை?’ என்று அன்று என்னைக் கேட்டவன் ஒரு மாணவன்.