போசிடானின் தலை எங்கே?

2020 அக்டோபரில் நியூயார்க் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் ஏழடி உயரச் சிலையை வைத்தார்கள். ஒரு கையில் வாள், மறு கையில், புராணத்தில் அவள் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸின் தலை. அதே ஆண்டில்தான் அந்த நீதிமன்றத்தில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பாலியல் குற்றவாளி என்று தீர்ப்பானது. (2024இல் அதை மேல்நீதிமன்றம் ரத்து செய்தது தனிக் கதை.) உடனே, பாலியல் கொடுமைகளைப் பெண்கள் வெளியே சொன்ன மீ டூ இயக்கத்தின் சிலை என்று கொண்டாடினார்கள். ஆனால் சிற்பி லூசியானோ கர்பாத்தி இதை உருவாக்கியது 2008இலேயே.

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் இருக்கும், சிற்பி செல்லினியின் 16ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலையைத்தான் அவர் திருப்பிப் போட்டிருக்கிறார். அதில் பெர்சியஸ் தலையில்லாத மெடூசாவின் உடம்பை மிதித்தபடி நிற்கிறான். தலையை ஊருக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறான், கழுத்திலிருந்து கொட்டும் ரத்தம்கூட வெண்கலத்தில் கட்டிகட்டியாகத் தொங்குகிறது. கர்பாத்தியின் மெடூசா எதையும் தூக்கிக் காட்டவில்லை. கைகள் தாழ்ந்திருக்கின்றன, முகத்தில் களிப்பு இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆண் செய்த சிலை, உடம்பு விளம்பர மாடல் உடம்பு என்று பெண்ணியவாதிகள் பலர் திட்டினார்கள். சரிதான். ஆனால் இன்னொரு கேள்வியும் அப்போதே எழுந்தது, எனக்கு அதுதான் முக்கியம். ஏன் பெர்சியஸ்?

ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் மெடூசாவைப் பெண் தெய்வம் அதீனாவின் கோயிலில் வைத்துச் சீரழித்தவன் கடல் தெய்வம் போசிடான். அதீனா என்ன செய்தாள்? கேடயத்தால் தன் கண்ணை மறைத்துக்கொண்டாள். அப்புறம் மெடூசாவின் கூந்தலைப் பாம்பாக்கினாள். போசிடானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைக் கொல்லத்தான் பெர்சியஸ் பிறகு வருகிறான்.

இதைவிட என்னை உறுத்துவது, இந்தக் கதையைச் சொல்வது யார் என்பது. பெர்சியஸ்! தன் கல்யாண விருந்தில், ஒருவர் கேட்டார் என்று, கொன்றவனே சாவகாசமாகச் சொல்கிறான். அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட இல்லை.

அதே ஓவிட்டிடம் ஃபிலொமேலாவும் இருக்கிறாள். அக்காள் புருஷன் தெரியுஸ் அவளைக் கெடுத்துவிட்டு, வெளியே சொல்லக் கூடாதென்று நாக்கையே அறுக்கிறான். அவள் தறியில் உட்கார்ந்து, வெள்ளை நூலுக்கிடையே ஊதா நூலால் நடந்ததை நெய்து அக்காளுக்கு அனுப்புகிறாள். அக்காள் படித்துவிடுகிறாள். பிறகு இருவரும் எடுக்கும் பழி கொடூரம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எந்த வாளையும்விட எனக்கு அந்தத் தறிதான் பெரிய ஆயுதமாகத் தெரிகிறது.

பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் பலர் இன்று மெடூசாவைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். சிலருக்கு அது ஃபேஷனாகத் தெரியலாம். எனக்கு அது அந்த நெசவின் தொடர்ச்சி. தன் கதையைத் தன் தோலிலேயே, தான் விரும்பிய இடத்தில், விரும்பிய ஆளுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்கிறார்கள்.

சிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்து வார்க்கிறவர் அந்தக் கையில் போசிடானின் தலையைக் கொடுக்கட்டும், முதல் லைக் என்னுடையது.