சான்றிதழ் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்
பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துவது குறித்து நான் படித்த ஒரு கட்டுரை, பாடப்பிரிவுத் தேர்வோடும் படிப்பு அட்டவணையோடும் நின்றுவிட்டது. தண்டையார்பேட்டையில் வசிக்கும் எனக்கு அதற்கு முந்தைய படியே விடுபட்டதாகத் தோன்றுகிறது. என் மகனுக்கு ஆதாரில் ஓர் இனிஷியல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வேறோர் இனிஷியல். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. இ-சேவை மையத்துக்கு அவனையே அனுப்பினேன். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கும் அவனே வரிசையில் நின்று, தேவையான ஆவணங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான். வீட்டில் வாயே திறக்காத பையன் அங்கே இரண்டு முறை விளக்கம் கேட்டானாம். (டியூஷனுக்குக் கட்டிய பணத்தில் இது கிடைக்கவில்லை.)

இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும், கடன் வாங்கியாவது பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடும் எங்கள் தெருப் பெற்றோர் பலர், அந்த மாற்றத்தோடு இந்த ஒதுக்கீடும் கைநழுவிவிடும் என்பதை அறிவதில்லை. இதைப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் சொல்லிப் பயனில்லை.